கடாரத்துக் கல்லும் அம்மாவின் தீவும்

என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், பல ஆண்டுகள் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் தம் தகப்பனாரை அழைத்துக்கொண்டு கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பிய சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியில் இருந்த படங்களையெல்லாம் காட்டினார். ஏதென்ஸ் நகரக் குன்றின் மேல் கி.மு. 432-இல் கட்டி முடித்த பார்த்தினன் கோயிலின் பளிங்குத் தூண்கள், அப்புறம் நீலக் கடல், அதில் சின்னச் சின்னத் தீவுகள்.

அவற்றுள் டீலோஸ் என்று ஒரு தீவு. ஏதென்ஸ்காரர்கள் அதைத் தெய்வம் பிறந்த தீவு என்று கருதி, கி.மு. 426-இல் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தினார்களாம். அதன் பிறகு அந்தத் தீவில் எவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று கட்டளை. சாகக் கிடப்பவர்களையும் பிரசவத்துக்கு இருப்பவர்களையும் படகில் ஏற்றிப் பக்கத்திலிருக்கும் ரீனியா தீவுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "சாகக் கூடாதுன்னு சட்டம் போட்டா சாவு கேக்குமா?" என்றார். ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் விடைபெற்றுப் போன பிறகு, "ஏம்பிள்ள, நம்ம நாட்டுல இந்த மாதிரி இடிஞ்ச கோயிலு, தீவு எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. நீங்க பொறந்த கெடாவுலயே இருக்கு. பள்ளி விடுமுறை விட்டதும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். கோயிலை மனத்தில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அம்மா தீவை மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு வயது 77. சுங்கைப்பட்டாணிக்கு அருகில் ஒரு கித்தாத் தோட்டத்தில் 1948-இல் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே விடிவதற்கு முன் எழுந்து பாட்டியோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்தவர். 20 வயதில் அப்பாவைக் கைப்பிடித்துக் கேமரன் மலைக்கு வந்தார். 35 ஆண்டுகள் கொழுந்து பறித்தார், முதலில் கையால், பிறகு கத்தரிக்கோலால். பனியிலும் ஈரத்திலும் நின்ற அந்தக் கால்கள் இப்போது நான்கு படி ஏறினால் வலிக்கின்றன. நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியது அந்தக் கால்களின் தயவால்தான். ஆகவே, அம்மாவுக்கு நான் எதையாவது காட்ட வேண்டும், சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை வெகுநாளாக இருந்தது.

விடுமுறையும் வந்தது. என் அண்ணன் மகன் காரோட்ட, கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, ஈப்போவில் பசியாறிவிட்டு வடக்கே புறப்பட்டோம். பினாங்குப் பாலத்துக்குப் பிரியும் சாலையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், "அந்தா ஜெராய் மலை!" என்று அம்மா குழந்தை போலக் கூவினார். "மழை வருமா வராதான்னு அந்த மலையப் பாத்துத்தான் சொல்லுவோம். உச்சியில மேகம் கட்டுனா அன்னைக்கு மரம் வெட்டு இல்ல."

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். நாம் குடியிருக்கும் பிரிஞ்சாங் பட்டணமே அதைவிட உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பிரிஞ்சாங்கைச் சுற்றிலும் மலைகள். ஜெராய் மலையோ கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகள் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த மலைதான். மலையைக் குறிவைத்து வந்து, மெர்போக் ஆற்று முகத்தில் கப்பலை ஒதுக்கினார்கள். அங்கே வளர்ந்த துறைமுகத்தைத்தான் தமிழர்கள் கடாரம் என்று அழைத்தார்கள். சங்க நூலாகிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய சரக்குகளில் காழகத்துப் பொருள்களும் சொல்லப்படுகின்றன. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதியிருக்கிறார்.

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் பின்புறம், சிற்றோடை ஒன்றின் கரையில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. பத்து பஹாட் என்றால் செதுக்கிய கல் என்று பொருள். குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியாரும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இந்த இடத்தை அகழ்ந்தார்கள். பிறகு அலஸ்டர் லேம்ப் என்பவர் 1958 முதல் 1960 வரை இதன் கற்களைச் சரிப்படுத்தி மீண்டும் நிறுத்தினார். மூலவர் இருந்த விமானம் ஒரு பகுதி, முன் மண்டபம் ஒரு பகுதி. மேலே கூரை கிடையாது. சுவர் கிடையாது.

அண்ணன் மகன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, அம்மா மெல்ல மெல்லப் படியேறி வந்தார். மண்டபத்தின் கல் ஆதாரங்களில் குழி குழியாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். "இது மரத்தூண் நட்ட குழிதானே?" என்றார். ஆமாம் என்றேன். மரத்தூண்களும் கூரையும் மழையிலும் கறையானிலும் போய்விட்டன, கல் மட்டும் மிஞ்சியது என்று விளக்கினேன். "எங்க பழைய லயமும் இப்படித்தான். பலகையெல்லாம் போயிருச்சு, சிமிந்தித் தரை மட்டும் செம்பனைக்கு நடுவுல கிடக்குன்னு சொன்னாங்க" என்றார்.

வேறு இடங்களில் தோண்டிக் கண்ட சில கோயில்களின் அடித்தளங்களையும் இங்கே பெயர்த்து வந்து அமைத்திருக்கிறார்கள். அவற்றுள் செங்கல்லால் ஆன ஒன்றின் அருகில் போனதும் அம்மா நின்றுவிட்டார்.

"இந்தக் கல்லுல நாங்க தேத்தண்ணி வச்சிருக்கோம், பிள்ள."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர்கள் தோட்டத்தில், ஓடைக்கரைப் பக்கத்து நிரையில், மண்ணுக்குள்ளிருந்து இப்படிப்பட்ட பட்டைச் செங்கற்கள் தலைநீட்டிக்கொண்டிருக்குமாம். மூன்று கற்களை எடுத்து அடுப்புக் கூட்டித் தேத்தண்ணி கொதிக்க வைப்பார்களாம். "எந்தக் காலத்துலயோ துரை வச்சிருந்த சூளைன்னு நெனச்சோம்" என்றார். அது கடாரத்துச் செங்கல்தானா என்று உறுதி சொல்ல நான் ஆய்வாளர் அல்லள். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய சின்னங்கள் பல தோட்ட நிலத்தில்தான் கிடைத்திருக்கின்றன. சுங்கை பத்துவில் செம்பனைக்கு நடுவே பழங்காலத்து இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கண்டெடுத்தவை எல்லாம் பிழைத்தன என்றும் சொல்ல முடியாது. 2013-இல், எண் போட்டுப் பதிவு செய்திருந்த பதினோராவது கோயில் தளம், நிலத்தைச் சமப்படுத்தும் வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. நாடு முழுவதும் அது பேச்சாயிற்று.

நான் வகுப்பில் பாடம் நடத்துவது போலத் தொடங்கிவிட்டேன். முதலாம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பியதையும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் சொன்னேன். அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்று கடாரங்கொண்டான் என்று பெயர் பெற்றதைச் சொன்னேன். இந்தக் கோயிலை அவன்தான் கட்டினான் என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லும் சோழர் கல்வெட்டு எதுவும் இங்கே கிடைக்கவில்லை. அவனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகமும் வழிபாடும் இருந்திருக்கின்றன. இதையும் சொன்னேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராஜா வந்தாரு, அடிச்சாரு, திரும்பிப் போயிட்டாரு. இங்கயே தங்குனவங்க யாரு?" என்றார்.

கடாரம் வென்ற கதையைச் சொல்லும்போது என் மாணவர்கள் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவார்கள். இந்தக் கேள்வியை அவர்களில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. பதில் தேடியபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு பெயர்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி, இங்கிருந்து தெற்கே செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அந்தக் கல்லில், ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், தன் பிரயாணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வேண்டி எழுதி வைத்திருக்கிறான். அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்பார்கள். கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"அந்தக் கப்பக்காரன் பேரு இன்னமும் இருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கும்மா. கல்லுல வெட்டி வச்சதால 1,500 வருஷமா இருக்கு."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை.

அன்று மாலை சுங்கைப்பட்டாணியில் உறவினர் வீட்டில் தங்கினோம். கடைத்தெருவுக்குப் போனபோது அம்மா சின்னஞ்சிறு கண்ணாடி வளையல் அரை டஜன் வாங்கினார். அண்ணன் பேத்திக்கு என்று நினைத்துக்கொண்டேன். இரவு சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில், "நாளைக்குப் பினாங்கு போறோம்ல? கோயிலு, கடைத்தெருவெல்லாம் வேணாம். எங்க ஆயா எறங்குன தீவுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அந்தத் தீவின் பெயர் பூலாவ் ஜெரஜாக். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், காடு மூடிக் கிடக்கும் சிறு தீவு. 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளை அங்கே வைத்திருந்தார்கள். பிறகு, கப்பலில் வருகிறவர்களை அம்மை, வாந்திபேதி முதலிய தொற்றுநோய்களுக்குப் பயந்து தடுத்துவைக்கும் முகாம் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு வழியாக வந்த நம் தொழிலாளர்களில் மிகப் பலர் மலாயாவில் முதன்முதலில் கால் வைத்த மண் அந்தத் தீவுதான். போருக்குப் பின் அது காசநோய் மருத்துவமனையாயிற்று. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது.

தோட்டத்து மக்களாகிய நாம், ரஜூலா என்ற பெயரைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டோம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று 1973 வரை ஓடிய கப்பல் அது. ஆனால் கப்பலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருந்த இந்தத் தீவைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது குறைவு. ஏன் என்று எனக்கு மறுநாள் விளங்கியது.

படகுத்துறையில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் பேசி, அவருடைய படகில் போனோம். அதிக தூரம் இல்லை. அவர் நல்ல பேச்சுக்காரர். 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்ததையும், இறந்த மாலுமிகளுக்கு இந்தத் தீவிலே கல் நட்டிருப்பதையும் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்பு சென்னையில் குண்டு போட்டதும் அதே எம்டன்தான். "எம்டன்னா அது கப்பலா? நான் பொல்லாத ஆளைத் திட்டுற பேருன்னுல்ல நெனச்சேன்!" என்று அம்மா வியந்தார். அன்று அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கரையேறியதும் உள்ளே போக அம்மாவின் கால் ஒத்துழைக்கவில்லை. பாசி படிந்த ஒரு பழைய சிமிந்திப் படியில் உட்கார்ந்துகொண்டார். எதிரே பாசி பிடித்த சுவர் ஒன்று, அதைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலமரம். அப்பால் அடர்ந்த காடு. அங்கே உட்கார்ந்துகொண்டு, 77 வயதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றை அம்மா சொன்னார்.

தாத்தாவும் பாட்டியும் 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டே இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பாட்டியின் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கடலிலேயே குழந்தைக்குக் காய்ச்சல். தீவில் இறக்கிய மூன்றாம் இரவு அது இறந்துபோயிற்று. விடியற்காலையில் இரண்டு ஆட்கள் வந்து, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே போனார்கள். தாத்தா கூடப் போனார். பாட்டியைப் போகவிடவில்லை. தடுப்பு நாள் முடிந்ததும் எல்லாரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பாட்டி பிரட்டுக்கு நின்றார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது கப்பலில் பிடித்த காய்ச்சல். ஆனால் எந்த மரத்தடி என்று பாட்டிக்குத் தெரியாமலே போயிற்று.

"அதுக்கப்புறம் ரெண்டு தங்கல. ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சம் வேற. நான் பொறந்ததும் பயந்துபோயி, என்னைய அடுத்த வீட்டுக்காரிக்கிட்ட தவிட்டுக்குக் கொடுத்துட்டு, மடியேந்தித் திரும்ப வாங்குனாங்களாம். அதான் இந்தப் பேரு."

அம்மாவின் பெயர் 'பிச்சை' என்று தொடங்கும். வாசகர்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் சேரும்போது, தாயார் பெயர் என்ற இடத்தில் அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். ஏன் இந்தப் பெயர் என்று ஒரு நாளாவது அம்மாவைக் கேட்டேனா? கேட்கவில்லை. கடாரம் வென்றவனின் ஆண்டைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை.

அம்மா பையிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்தார். படியின் கீழ் அலை வந்து மோதும் இடத்தில் ஒவ்வொன்றாக விட்டார். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாசலில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல, சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார் என்பதும், அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதும் அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது, டீலோஸ் தீவைப் பற்றித் தோழி சொன்னதில் ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கிருந்து தோண்டி எடுத்த எலும்புகளையும் அவற்றோடு இருந்த பொருள்களையும் ரீனியா தீவில் ஒரே பள்ளத்தில் போட்டு மூடியிருந்தார்கள். 1898-இல் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதில் கிடைத்த மண்கலங்களை இன்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காவது கலயங்கள் மிஞ்சின. எங்கள் பெரியம்மாவுக்கு மிஞ்சியிருந்தது என் அம்மாவின் ஞாபகம் ஒன்றுதான். அந்த ஞாபகத்துக்கு வயது 77.

அந்தப் பெயரை இங்கே அச்சில் போட அம்மாவுக்குச் சம்மதமில்லை. "அது நம்ம வீட்டுப் பிள்ள, நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். பிரிஞ்சாங்குக்கு வந்ததும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி, 1937 என்று ஆண்டையும் எழுதி, அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து வராது. எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல தாத்தா, பாட்டி பேரும் எழுது. அந்த ரெண்டு தங்காததுக்கும் ஒரு கோடு போட்டு வை" என்றார்.

வாசகர்களே, கடாரத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன்பாக, வீட்டில் மூத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யார் வந்தார், யார் வழியில் நின்றுபோனார் என்று கேட்டு எழுதி வையுங்கள். நம்மவர்கள் யாரும் கல்லில் வெட்டிவிட்டுப் போகவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு சிறுவன் நான்கு பெயர்களை அழகாக எழுதி, ஐந்தாவது வரியை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்தான். ஏன் என்று கேட்டேன்.

"பாட்டி யோசிச்சிக்கிட்டு இருக்காங்க, டீச்சர். நாளைக்குச் சொல்றேன்னாங்க."